வாத்துக்கால் துப்பாக்கி

ஆவாரங்கோட்டைச் சேவுகத்துரை ஊரைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டிச் சுட்டது ஒரு பங்குனி மாதத்துக் காலையில். அந்தக் குண்டு போய் நின்றது ஐப்பசியில் மழை பிடித்து, விதைத்த கம்பு முளைத்த பிறகு. நடுவில் இருந்த மாதங்களில் ஊரில் கல்யாணங்கள் நடந்தன, ஒரு தேர்தல் வந்துபோனது, அம்மன் கோயில் கொடையில் யார் முதலில் மாலை வாங்குவது என்று வழக்கமான சண்டை வந்து வழக்கம்போலத் தீர்ந்தது, குண்டும் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கண்டு மலைத்து நின்றார்களே தவிர, உள்ளூர்க்காரர்கள் "கொஞ்சம் குனிஞ்சு வாங்க, குண்டு போகுது" என்று சொல்லிவிட்டு அவர்களுக்குக் காப்பி போட உள்ளே போய்விடுவார்கள்.

சேவுகத்துரையின் முன்னோர்கள் ஜமீனாக இருந்தவர்கள். ஜமீன் போன பிறகும் அரண்மனை இருந்தது, அரண்மனையில் ஆயுத அறை இருந்தது, அந்த அறையில் ஒரு தடவைக்கு ஒரு குண்டு போடுகிற சாதாரணத் துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது. அந்த வம்சத்துக்கு ஒற்றை ஆளிடம் பயம் இருந்ததில்லை, கூட்டத்திடம்தான் பயம். ஆகையால் ஒரே சமயத்தில் பல பேரைச் சுடலாம் என்று சொல்லிக் கப்பல்காரர்கள் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிப் போட்டார்கள். ஒரே குழலுக்குள் மருந்து, குண்டு, மருந்து, குண்டு என்று அடுக்கடுக்காக இடித்து நிரப்பி முன்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சுட வேண்டிய நீளத் துப்பாக்கி ஒன்று இருந்தது. சோதித்துப் பார்த்த அன்றைக்கே அத்தனை அடுக்கும் சேர்ந்து வெடித்து, சுட்டவரின் புருவங்களைக் கொண்டுபோய்விட்டதால், கூடத்தில் மாட்டியிருந்த அவருடைய படத்தில் ஓவியர் புருவத்தைத் தன் கற்பனையிலிருந்து வரைந்திருந்தார். ஏழு குழல்களைக் கரும்புக் கட்டு மாதிரி கட்டிவைத்த இன்னொன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், சுட்டபின் மல்லாந்து விழுகிறவரைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். ஒரு இரும்புக் கட்டையில் வரிசையாகத் துளை போட்டு, துளைக்கு ஒரு குண்டாக நிரப்பி, கட்டையைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிச் சுடுகிற துப்பாக்கி ஒன்று பாதிக் கட்டையில் இறுகிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் சுவரில் தொங்கியது.

எல்லாவற்றிலும் சின்னது வாத்துக்கால். கைப்பிடி ஒன்று, விசை ஒன்று, சக்கிமுக்கிக் கல் ஒன்று. ஆனால் பித்தளை உடம்பிலிருந்து நான்கு குட்டைக் குழல்கள் வாத்தின் கால்விரல்களைப் போல விரிந்து நிற்கும். விசையை இழுத்தால் நான்கும் ஒரே சமயத்தில் நான்கு பக்கமாகச் சுடும். கப்பலில் வேலைக்காரர்கள் திரண்டு வந்தால் தலைவன் அதை நீட்டிக்கொண்டு நிற்பானாம், யாரைக் குறி பார்க்கிறான் என்று யாருக்கும் தெரியாதாம், அதனால் எல்லோரும் பின்வாங்குவார்களாம். சேவுகத்துரை ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அதைத் துடைத்து, சந்தனம் வைத்து, திரும்ப மாட்டிவிடுவார். மனைவி இறந்து, மகன் மும்பையில் குடியேறிய பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவரும் ஒரு சமையல்காரரும்தான்.

மழை பொய்த்த மூன்றாவது வருஷம் அது. ஊர்க் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பேரூராட்சித் தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை செல்லக்கிளிக்கு. அவள் புருஷன் பார்த்த வேலை, அவன் மஞ்சள்காமாலையில் போன பிறகு அவளுக்குக் கொடுத்தார்கள். வால்வு திறக்கிற இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் விடியற்காலை தெருவில் வந்தால் பெண்கள் குடத்தோடு எழுந்து வருவார்கள். அந்தப் பங்குனியில் தொட்டியில் திறந்துவிட ஒன்றும் இல்லை. அரண்மனைக்குள் இருந்த ஆனைக் கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அதைக் கேட்கலாம் என்று அவள்தான் சொன்னாள், அவள்தான் முன்னால் நடந்தாள், பின்னால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வெறுங்குடங்களோடு வந்தார்கள்.

சேவுகத்துரை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். வெளிக் கேட்டின் கதவு பாதி திறந்திருந்தது.

"துரை, ஆனைக் கிணத்துல தண்ணி கெடக்கு. இறைச்சா மறுநாளே ஊறிருதுன்னு உங்க சமையக்காரரே சொல்லுதாரு. வீட்டுக்கு ரெண்டு கொடம் குடுங்க, மழை வர்ற மட்டும்."

"கேட்டுக்கு வெளிய நின்னு பேசு."

"வெளியதான நிக்கேன்."

அவள் வெளியேதான் நின்றாள். ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை, என்ன சொல்கிறார் என்று கேட்க நெருங்கினார்கள், நெருங்கியதில் குடங்கள் ஒன்றோடு ஒன்று இடித்து ஓசை எழுந்தது, அந்த ஓசை அவருடைய முன்னோர்கள் எல்லோரும் கேட்டுப் பயந்த ஓசையாக அவர் காதில் விழுந்தது. அவர் கை வேட்டி மடிப்புக்குள் போய் வாத்துக்காலோடு வெளியே வந்தது. ஊர் வரப்போவதைக் கேள்விப்பட்டு, திருவிழாவில் அதிர்வேட்டுப் போட வைத்திருந்த கருமருந்தை நான்கு குழலிலும் அவர் விடியற்காலையிலேயே இடித்து வைத்திருந்தார். விசையை இழுத்தார்.

சத்தமும் புகையும் வழக்கமான வேகத்தில் வந்தன. குண்டுகள்தான் அப்படி வரவில்லை. புகை விலகியபோது, பாக்குக் கொட்டை அளவு ஈயக் குண்டுகள் நான்கும் காற்றில் மெல்ல வந்துகொண்டிருந்தன, நிறைகுடம் சுமந்த பெண் தளும்பாமல் நடப்பதுபோல. ஓரக் குழல்கள் மிகவும் விரிந்திருந்ததால் இரண்டு குண்டுகள் நேராகப் போய் அரண்மனையின் சொந்த வாசல் தூண்களையே துளைக்கத் தொடங்கின. மூன்றாவது யாரும் இல்லாத பக்கமாகக் காய்ந்த கண்மாயைப் பார்த்துப் போனது. நான்காவது செல்லக்கிளியின் நெஞ்சுக்கு நேராக வந்தது. அவள் அதைப் பார்த்தாள், இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள், ஓரடி ஒதுங்கினாள். பின்னால் இருந்தவர்களும் வழிவிட்டார்கள். குண்டு கூட்டத்தைக் கடந்துபோனது. கடந்த பிறகு இன்னும் தளர்ந்து, மரத்து நிழல் நகர்கிற வேகத்துக்கு வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் நகராது, வேறு வேலை பார்த்துவிட்டு வந்து பார்த்தால் நகர்ந்திருக்கும்.

முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்காரர் இருளப்பனின் எருமை சந்தில் குறுக்காகக் குட்டைக் கயிற்றில் கட்டியிருந்தது. மறுநாள் குண்டு அதன் விலாவில் நுழைந்து மறுபக்கம் வந்தபோது எருமை செத்துக் கிடந்தது. குண்டு மெதுவாகப் போனாலும் அதன் பலம் துளியும் குறையவில்லை என்று அதன் பிறகுதான் ஊருக்குப் புரிந்தது. கருங்கல்லை வைத்துத் தடுக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வாசல் தூணுக்குள் போன குண்டு கல்லில் பட்டுத் திரும்பி, சமையல்காரரின் கோழிக்கூண்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்ததை மற்றவர்கள் காட்டினார்கள். திசை தெரிந்த குண்டோடு இருந்துவிடலாம், திசை மாறிய குண்டோடு இருக்க முடியாது என்று தடுக்கும் யோசனையை விட்டுவிட்டார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் தர்மக்கண் வந்து வாத்துக்காலை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். குண்டைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"அரெஸ்ட் பண்ணலையா?" என்று இருளப்பன் கேட்டார்.

"என்னன்னு போட்டு அரெஸ்ட் பண்ண? கொலையா, கொலை முயற்சியா, வெறும் காயமா? குண்டு இன்னும் போய்க்கிட்டுல்லா இருக்கு. அது எங்கயாவது நின்னாத்தான நான் எழுத முடியும்?"

"நான் யாரையும் குறி பாக்கலை" என்றார் சேவுகத்துரை. "அந்தத் துப்பாக்கியில குறி பாக்கவே முடியாது. அதோட அமைப்பு அப்படி."

செல்லக்கிளி சொன்னாள்: "யாரைப் பாத்துச் சுட்டாலும் குண்டு துரையோடதுதான? அப்ப துரைதான் அது கூடயே போகணும். எதுக்க வர்ற ஆளுக்குச் சொல்லணும், தூங்குற பிள்ளையத் தூக்கி மாத்திப் போடணும். எங்களுக்கு வேலை இருக்கு."

தர்மக்கண்ணுக்கு அது நல்ல ஏற்பாடாகப் பட்டது. சேவுகத்துரை மறுத்திருக்கலாம். எருமையின் கண் அவர் நினைவில் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பூசை மணியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அப்படித்தான் அவர் அரண்மனையை விட்டு வெளியே வந்தார். அன்றைக்குச் சாத்தாமல் வந்த கதவை அதற்குப் பிறகு சாத்தவும் முடியவில்லை. தூண்கள் துளைபட்டுக் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து மண்ணில் புதைந்துகொண்டது. பெண்கள் சாய்ந்த கதவைத் தாண்டி உள்ளே போய் ஆனைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. குண்டின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி, நிறைகுடங்கள் தன்னைக் கடந்துபோவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரிக்கு இளவட்டங்கள் முறை வைத்து மாற்றிவிட்டார்கள். பகல் முழுவதும் அவர்தான்.

குண்டு சிக்கந்தரின் டீக்கடை பெஞ்சுக்கு மேலாகப் போனது. சிக்கந்தர் பெஞ்சை ஒதுக்கிப் போட்டுவிட்டு, துரைக்கு ஒரு டீ கொடுத்தார். துரை அதற்குமுன் கடையில் டீ குடித்ததில்லை; சர்க்கரை அதிகம் என்று நினைத்தார், மறுநாளும் குடித்தார், அதற்கடுத்த நாள் சர்க்கரை குறைவு என்று சிக்கந்தரிடம் சண்டை போட்டார். குண்டு தையல்கடைக்குள் போனபோது மிஷினைத் தூக்கி வெளியே வைக்க ஒரு கை கொடுத்தார். குண்டு கடைத்தெரு வீடுகளுக்குள் நுழைந்தபோது அவரும் நுழைந்தார். வீட்டுக்காரர்கள் கொத்தனாரைக் கூப்பிட்டு, குண்டு சுவரை உடைத்துத் தூசி கிளப்புவதற்குமுன் அது வரும் இடத்தில் தாங்களே ஜன்னல் வைத்துக்கொண்டார்கள். சில வீடுகளில் ரொம்ப நாளாக வேண்டியிருந்த ஜன்னல் அது. ஒரு வீட்டில் சின்னப் பெண் குண்டுக்குப் பொட்டு வைக்கப் பார்த்து, துரையிடம் முதுகில் ஒரு அடி வாங்கினாள். அடித்த கையோடு அவர் அவளைத் தூக்கி அவள் அம்மாவிடம் கொடுத்தபோது அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்ததை அந்த அம்மா கடைசிவரை மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்லக்கிளி தினமும் வேலை முடிந்து வரும்போது குண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவாள். தன் நெஞ்சுக்கு வந்தது என்பதால் அதில் அவளுக்கு ஒரு உரிமை இருப்பதாக ஊர் ஒத்துக்கொண்டிருந்தது.

"தாழ்ந்திருக்கு" என்றாள் ஒருநாள். "சுட்டப்ப என் நெஞ்சு மட்டத்துக்கு வந்துச்சு. இப்ப இடுப்புக்கு நிக்கி."

"பாரம்ல? கொஞ்சம் கொஞ்சமா இறங்கும்."

"அப்ப இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும் துரை. இதுவரைக்கும் பெரியவங்க மட்டத்துல போச்சு. இனிமே பிள்ளைங்க மட்டம்."

அவர் அன்றிலிருந்து ஸ்டூலில் உட்காரவில்லை.

கடைத்தெரு வீடுகளின் கொல்லைக்குப் பின்னால் நீளமாக ஒரு சுவர் உண்டு. எதற்காகக் கட்டியது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் கீழத்தெரு. கீழத்தெருக்காரர்கள் கடைத்தெருவுக்கு வருவதென்றால் சுவரின் கடைசிவரை நடந்து சுற்றித்தான் வர வேண்டும். குண்டு சுவரை நெருங்கியபோது கடைத்தெருப் பெரியவர்கள் கூடினார்கள். குண்டு அளவுக்கு ஒரு துளை போதும், போனதும் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்றார்கள்.

செல்லக்கிளி கீழத்தெருக்காரி. சுவரின் மறுபக்கத்திலிருந்து, ஒரு கல்லின்மேல் ஏறித் தலையை மட்டும் காட்டி அவள் கேட்டாள்: "குண்டு துளை வழியா வந்துரும். துரை எப்படி வருவாரு?"

பெரியவர்கள் துரையைப் பார்த்தார்கள். துரை சுற்றிக்கொண்டு வரலாம் என்று அவர்களில் ஒருவர் சொல்ல வாயெடுத்தார். ஜமீன் வாரிசைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்வது எப்படி என்று அவருக்கே நாக்கு எழவில்லை. அதோடு அவர் சுற்றி வருவதற்குள் அந்தப் பக்கம் ஒரு பிள்ளை குண்டின்மேல் வந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருந்தது. ஆகவே துரை குனியாமல் போகிற உயரத்துக்கு, அவர் தோள் இடிக்காத அகலத்துக்குச் சுவரைத் திறந்தார்கள். குண்டு போனது, துரை மணியடித்துக்கொண்டு பின்னால் போனார், கொத்தனார் செங்கல்லோடு வந்து காத்திருந்தார். அப்போது பள்ளிக்கூடம் விட்டது. கீழத்தெருப் பிள்ளைகள் அந்த வழியாக வீட்டுக்குப் போனார்கள், அவர்களுக்குப் பின்னால் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் விட்டு வந்த பெண்கள் போனார்கள், ஒரு சைக்கிள் போனது, ஒரு ஆடு போனது, கடைத்தெருக்காரர் ஒருவரே வேலைக்கு ஆள் கூப்பிட அந்தப் பக்கம் போனார். ஆள் ஓயட்டும் என்று கொத்தனார் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். பிறகு அந்தச் செங்கல்லை வேறு வேலைக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டார்.

ஆவணியில் குண்டு முழங்கால் உயரத்தில் கீழத்தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதன் கோட்டில்தான் செல்லக்கிளியின் வீடு. அந்தச் சமயத்தில் அவள் மகள் கோசலை முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குண்டு வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அவளை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நாள் இன்னும் இருக்கிறது, அதற்குள் குண்டு வெளியேறிவிடும் என்று கணக்கு. ஒருநாள் மத்தியானம் செல்லக்கிளி தொட்டிக்குப் போயிருந்தாள். துரை குண்டுக்குக் காவலாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். கோசலை பெட்டியிலிருந்து துணி எடுக்க வந்தாள், குண்டைப் பார்த்து ஒதுங்கி மறுபக்கம் போனாள், துணியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே பெட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். துரை மணியை ஊர் முழுக்கக் கேட்கும்படி அடித்தார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அற்புதமேரி ஓடி வந்தபோது பிள்ளையின் ஒரு கால் வெளியே வந்திருந்தது.

"நகத்தக் கூடாது" என்றாள் அற்புதமேரி. "கால் மொதல்ல வருது. இப்ப அசைச்சா பிள்ளை தங்காது."

கோசலை தரையில் மல்லாந்து கிடந்தாள். குண்டு அவள் வயிற்றுக்கு நேர்மேலே, முழங்காலை மடக்கினால் இடிக்கிற உயரத்தில் நின்றுகொண்டிருந்தது, அதாவது போய்க்கொண்டிருந்தது. அவள் வலியில் காலை உதறினாள். முழங்கால் குண்டுக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் வந்து திரும்பியது.

அற்புதமேரிக்கு இரண்டு கையும் பிள்ளையிடம் வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுக்காரி கோசலையின் தோளைப் பிடித்திருந்தாள். அற்புதமேரி தலையைத் தூக்காமல் வாசலைப் பார்த்துக் கத்தினாள்: "துரை, உள்ள வாங்க! வெக்கமெல்லாம் பிறகு பாத்துக்கிடலாம். அந்தக் குண்டை மறைச்சுப் பிடிங்க!"

அவர் உள்ளே போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மண்டி போட்டு, இரண்டு கையையும் குவித்துக் குண்டைச் சுற்றிப் பிடித்தார், விளக்கைக் காற்றில் அணையாமல் பிடிப்பதுபோல, குண்டின்மேல் படாமல். குண்டு நகர்ந்தால் கையும் நகர்ந்தது. கோசலையின் முழங்கால் அவர் கையில் இடித்தது, மறுபடியும் இடித்தது, மூன்றாவது முறை அவர் இடது உள்ளங்கை தள்ளப்பட்டுக் குண்டின் முன்னால் போய் நின்றுகொண்டது. குண்டு தோலைத் தொட்டது. கையை எடுத்துவிட அவருக்கு அவகாசம் இருந்தது. அந்தக் குண்டு யாருக்கும் அவகாசம் கொடுக்கும். ஆனால் கையை எடுத்தால் முழங்காலுக்கும் குண்டுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. அவர் எடுக்கவில்லை.

சத்தம் போட்டால் கோசலை திடுக்கிடுவாள் என்று தோள்துண்டைக் கடித்துக்கொண்டார். பிள்ளையின் அடுத்த கால் வந்தது, இடுப்பு வந்தது, தோள் வந்தது. தலை வந்தபோது குண்டு அவர் புறங்கை வழியாக வெளியே வந்தது. பெண் குழந்தை. அழுதது. செல்லக்கிளி வால்வு சாவியோடு மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றபோது, ஒரு பக்கம் அற்புதமேரி பிள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஒரு பக்கம் துரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், நடுவில் குண்டு சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

செல்லக்கிளி முதலில் மகளைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள், பிறகு தன் சேலை முந்தானையைக் கிழித்து அவர் கையைக் கட்டினாள்.

"வலிக்கா?"

"கனமா இருந்துச்சு" என்றார் அவர். "இவ்வளவு கனமா இருக்கும்னு எனக்குத் தெரியாது."

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டார். குண்டு கீழத்தெருவைக் கடந்து புஞ்சைக் காட்டுக்குள் போனது. ஐப்பசியில் மழை பிடித்து அங்கே கம்பு முளைத்திருந்தது. குண்டு கணுக்கால் உயரத்துக்கு இறங்கி, பயிரின் நுனியை விலக்கிக்கொண்டு போய், பிறகு பயிருக்குள் மறைந்து, ஒருநாள் காலை ஈரக் கரிசலில் கிடந்தது. ஊர் வந்து பார்த்தது. யாரோ வளர்த்த கோழி ஒன்று அதைக் கொத்திப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனது. அப்போதுதான் அது நின்றுவிட்டது என்று எல்லோருக்கும் நிச்சயமாயிற்று. கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு களை எடுக்க வேண்டியவர்கள் களை எடுக்கப் போனார்கள்.

சேவுகத்துரையும் செல்லக்கிளியும் வரப்பில் நின்றார்கள்.

"அன்னைக்கு நீ ஒதுங்கிட்டே" என்றார் அவர். அவளைப் பார்க்காமல் சொன்னார். "நல்லவேளை ஒதுங்குறதுக்கு நேரம் இருந்துச்சு."

"இருந்துச்சு. அந்த நேரத்தை நீங்க குடுக்கலை துரை. குண்டு குடுத்துச்சு."

அவள் சாவியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு தண்ணீர் திறக்கப் போய்விட்டாள். மழைக்குப் பிறகு தொட்டியில் தண்ணீர் ஏறியிருந்தது.

மறுநாள் காலை தர்மக்கண் ஸ்டேஷனில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் ஆறப்போட்டிருந்த வழக்கை எழுதி முடிக்கப் பேனாவைத் திறந்தார். துரை எதிரில் நின்றார். சாட்சி சொல்ல செல்லக்கிளியையும் கூப்பிட்டிருந்தார்கள். தர்மக்கண்ணும் இந்த மாதங்களில் துரையோடு சிக்கந்தர் கடையில் பல டீ குடித்திருந்தார்.

"சுலபமா முடிச்சிருவோம்யா" என்றார். "குண்டு பட்ட ஒரே மனுசன் நீங்க. எருமைக்கு எருமை வாங்கிக் குடுத்தாச்சு. பழைய துப்பாக்கி, துடைக்கும்போது தவறுதலா வெடிச்சுது. யாரையும் குறி பாக்கலை. நீங்கதான் மொதல்லருந்து சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

"ஆமா, சொன்னேன்" என்றார் சேவுகத்துரை. இன்னும் கட்டுப் பிரிக்காத இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார். "குறி பாக்க முடியாத துப்பாக்கிதான். அதுக்காகத்தான் அதை எடுத்தேன். நாலு வாயில எது எங்க போகும்னு தெரியாதுன்னு பிறகு சொல்லிக்கிடலாம்ல. ஆனா இடது ஓரத்துலருந்து ரெண்டாவது வாயை நான் இவளுக்கு நேரா வச்சுத்தான் பிடிச்சேன். இவ விழுந்தா மத்தவங்க போயிருவாங்கன்னு நினைச்சேன். அதை எழுதுங்க."

தர்மக்கண் பேனாவை வைத்துவிட்டார். "ஐயா, அப்படி எழுதுனா உள்ள போகணும்."

"எழுதுங்க."

தர்மக்கண் செல்லக்கிளியைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்லித் தடுப்பாள் என்று எதிர்பார்த்தார். காலையில் பேத்தியைத் துடைத்துப் போட்ட துணியின் வாசம் இன்னும் அவள் கையில் இருந்தது, அன்றைக்கு அவர் கையில் கட்டிய சேலை அவளுடையது, இதெல்லாம் ஸ்டேஷனில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "அவரு கண்ணு என் மேலதான் இருந்துச்சு. எழுதுங்க சார்."

எழுதினார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கோர்ட்டில் ஆஜர்படுத்த வேண்டியிருந்ததால் மூன்று பேரும் மத்தியான பஸ்ஸில் ஏறினார்கள். ஜீப் பழுதாகிக் கிடந்தது. செல்லக்கிளி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்திருந்தாள். துரையால் இடது கையில் சட்டியைப் பிடித்துக்கொண்டு பிசைய முடியாது என்று பஸ் நிற்கும்போதே பிசைந்து உருட்டிக் கொடுத்தாள், அவர் வாங்கிச் சாப்பிட்டார், தர்மக்கண்ணுக்கும் ஒரு உருண்டை கிடைத்தது. டிரைவர் வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

ஊர் எல்லை தாண்டியதும் பஸ் வேகம் பிடித்தது. புளியமரங்கள் பின்னால் ஓடின. ஒரு மாட்டுவண்டி, ஒரு சைக்கிள், தலையில் புல்லுக்கட்டோடு போன ஒரு பெண், எல்லோரும் ஜன்னலில் தோன்றி முகம் தெரிவதற்கு முன் மறைந்தார்கள். சேவுகத்துரை முன் சீட்டின் கம்பியை நல்ல கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். காலால் தரையை அழுத்தினார், அப்படி அழுத்தினால் வண்டி நின்றுவிடும் என்பதுபோல.

"என்ன செய்யுது துரை?" என்று செல்லக்கிளி கேட்டாள்.

"இவ்வளவு வேகமாப் போறானே" என்றார் அவர். "எதுக்க வர்றவங்க எப்படி ஒதுங்குவாங்க?"

"ஒதுங்க முடியாதுதான்" என்றாள் அவள்.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, சாலையில் தூரத்தில் வந்துகொண்டிருந்த யாரோ ஒருவரைப் பார்த்து, காற்றில் கிழிந்துபோன குரலில், தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க என்று கத்தத் தொடங்கினார்.